விலங்குகளின் உடல் வெப்பச் சீராக்கம்

விலங்குகள் தம் உடலின் வெப்பநிலையைத் தமக்கு உகந்த எல்லைக்குள் வைத்துக்கொள்வதே வெப்பச் சீராக்கம். பாலூட்டிகளும் பறவைகளும் வெப்ப இரத்தப் பிராணிகள், மற்றவை குளிர் இரத்தப் பிராணிகள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் பிரித்து வந்தன. அளந்து பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. வட அமெரிக்கப் பாலைநிலத்து இகுவானா, வெயிலில் உடலை 40 பாகை செல்சியசை ஒட்டி வைத்துக்கொண்டு மேய்கிறது. அப்போது அதன் இரத்தம் நம்முடையதைவிடச் சூடானது. ஆகவே உடற்சூடு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நிலையாக நிற்கிறது என்ற இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். உண்ட உணவிலிருந்து உடலே உண்டாக்கினால் அது அகவெப்பம். வெயிலிலிருந்தும் பாறையிலிருந்தும் பெற்றால் புறவெப்பம்.

இவ்விரண்டும்கூட விலங்கினங்களை நேர்கோட்டில் பிரித்துவிடுவதில்லை. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும் மலைப்பாம்பு, தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாக உடலைச் சூடாக்குகிறது. தேனீக்கள் சிறகை அசைக்காமலே பறப்புத் தசைகளை அதிரவைத்து, புழுக்கள் வளரும் அடையை 35 பாகையை ஒட்டிக் காக்கின்றன. ஓபா என்னும் ஆழ்கடல் மீன் மார்புத் துடுப்புகளை ஓயாமல் அடித்து வெப்பம் உண்டாக்குகிறது. செவுள்களுக்குச் செல்லும் சூடான இரத்தமும் அங்கிருந்து குளிர்ந்து திரும்பும் இரத்தமும் அருகருகே எதிரெதிராக ஓடுவதால், அந்த வெப்பம் கடல்நீரில் கரைந்துபோகாமல் உடலுக்கே திரும்புகிறது. இதயம் உட்பட அதன் முழு உடலும் நீரைவிடச் சூடாக இருப்பது 2015-ல் தெரியவந்தது.

இவை விதிவிலக்குகள்தாமே, விதி அப்படியே இருக்கிறதே என்று கேட்கலாம். விதிக்குள் அடங்கியதாகச் சொல்லப்படும் ஒட்டகத்தைப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத கோடையில் அதன் உடல் விடியலில் 34 பாகைக்கு இறங்கி, மாலையில் 40-ஐத் தாண்டுகிறது. இதைச் சீராக்கத்தின் தோல்வி என்று கொள்வது தவறு. பகலின் வெப்பத்தை வியர்த்துத் தணிக்காமல் உடலில் தேக்கி, இரவின் குளிரில் வெளியே விடுகிறது. பெரிய ஒட்டகம் ஒன்று இப்படி நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீரை மிச்சப்படுத்துகிறது. உடலியலாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சன் 1950-களில் சகாராவில் செய்த ஆய்வு இதை விளக்கியது.

பழைய பிரிவினையில் ஓர் உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்ந்திருக்கும்போதும் ஒரு பாலூட்டி, அதே எடையுள்ள பல்லியினத்தைவிடப் பல மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. குளிர் இரவிலும் பாலூட்டிகள் வேட்டையாடுவது இந்தச் செலவால்தான். ஆனால் இது செலவைப் பற்றிய வேறுபாடு; இரை கிடைக்காத காலத்தில் பாலூட்டியும் அச்செலவை நிறுத்திவிடக் கூடும். ஆர்க்டிக் நில அணிலின் உடல் குளிர்கால உறக்கத்தில் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 2.9 பாகை வரை இறங்குவதை 1989-ல் வெளியான அலாஸ்கா ஆய்வு பதிவு செய்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை அது தானே உடலை 36 பாகைக்குமேல் சூடேற்றி, ஒரு நாளுக்குள் மீண்டும் குளிர்ந்துவிடுகிறது.