மணமுறிவு வழக்குகளில் தடயவியல் கணக்காய்வு

மணமுறிவு வழக்கில் கணவனோ மனைவியோ மறைத்து வைத்திருக்கும் சொத்தையும் வருமானத்தையும் வங்கி ஆவணங்கள், கணக்கேடுகள், அன்றாடச் செலவுகள் ஆகியவற்றைக் கொண்டு கண்டறியும் முறை தடயவியல் கணக்காய்வு எனப்படுகிறது. இது குடும்ப நீதிமன்றத்தில் பிறந்த கலை அன்று. வருமான வரி வழக்குகளில் வளர்ந்து, பிறகு அங்கே வந்து சேர்ந்தது.

சிகாகோவின் குற்றக்கும்பல் தலைவன் அல் கபோன் 1931-இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது கொலைக்காக அன்று, வரி ஏய்ப்புக்காக. அவனது செலவுகளும் சூதாட்ட விடுதி ஒன்றின் கணக்கேடும் அவனுக்கு வருமானம் இருந்ததைக் காட்டிக்கொடுத்தன. இவ்வகைக் கணக்கீட்டின் வளர்ந்த வடிவமான 'நிகர மதிப்பு முறை'யை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் ஹாலண்ட் வழக்கில் எச்சரிக்கைகளுடன் ஏற்றது.

முறை எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவரின் நிகரச் சொத்து 50 இலட்சம், முடிவில் 65 இலட்சம் எனக் கொள்வோம். அவ்வாண்டுக் குடும்பச் செலவு 10 இலட்சம். ஆக, 25 இலட்சம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அவர் காட்டிய வருமானம் 12 இலட்சம் என்றால், மீதி 13 இலட்சத்துக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். அது கடனாகவோ அன்பளிப்பாகவோ இருக்கலாம். அதையும் விசாரித்த பிறகே அது மறைத்த வருமானம் என்ற முடிவுக்கு வரலாம்.

இங்கிலாந்தில் செல்வந்தர் வீட்டு மனைவிக்கு நெடுங்காலம் 'நியாயமான தேவை'க்கு ஏற்ற தொகையே கிடைத்து வந்தது. அதற்கு மேல் கணவரிடம் எவ்வளவு இருந்தாலும் அவள் பங்கு பெரிதாக மாறாது. 2000-இல் வைட் வழக்கில் பிரபுக்கள் அவை, சமப் பங்கை அளவுகோலாக வைத்துத் தீர்ப்பைச் சரிபார்க்கச் சொன்னது. அதன்பின் மறைக்கப்பட்ட ஒவ்வொரு பவுண்டும் பொருட்படுத்த வேண்டியதாயிற்று.

இதன் கடினத்தைப் பிரெஸ்ட் வழக்கில் காணலாம். கணவர் எண்ணெய் வணிகர். குடும்பம் வாழ்ந்த இலண்டன் வீடுகூட ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தமக்குச் சொத்தை விடக் கடனே 4.8 கோடி பவுண்டு மிகுதி என்றார் அவர். நீதிபதி அதை நம்பவில்லை. கிடைத்த சான்றுகளைக் கொண்டு 3.75 கோடி பவுண்டு சொத்து உண்டெனக் கணித்து, 2011-இல் மனைவிக்கு 1.75 கோடி வழங்க உத்தரவிட்டார். ஆனால் வீடுகள் நிறுவனங்களுக்கே உரியவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் பெரும்பான்மையாக முடிவு செய்தது. நான்கு குழந்தைகளின் தாய்க்குத் தீர்ப்பு இருந்தும் கைக்கு எட்டும் சொத்து இல்லாத நிலை.

2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. மணமுறிவு வழக்கு என்பதற்காக நிறுவனச் சட்டத்தைப் புறக்கணிக்க முடியாது என்று நீதிபதி சம்ப்ஷன் தெளிவாகவே சொன்னார். அவர் கேட்டது வேறு கேள்வி: இந்த வீடுகளுக்கு உண்மையில் பணம் கொடுத்தது யார்? சில வீடுகள் பெயரளவுக்கு ஒரு பவுண்டு விலையில் நிறுவனத்துக்கு மாறியிருந்தன. உரிய ஆவணங்கள் தரப்படவில்லை; நிறுவன இயக்குநரும் சாட்சி சொல்ல வரவில்லை. அந்த மௌனமே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. நிறுவனங்கள் கணவருக்காகவே வைத்திருந்த ஏழு சொத்துகளையும் மனைவிக்கு மாற்றித்தர நீதிமன்றம் ஆணையிட்டது. மறைப்பவர் ஏட்டை எரிக்கலாம். ஏடு ஏன் இல்லை என்ற கேள்வியை எரிக்க இயலாது.

இந்தியாவில் மணமுறிவின்போது சொத்தைச் சமமாகப் பிரிக்கும் பொதுச் சட்டம் இல்லை. வழக்கு பெரும்பாலும் பராமரிப்புத் தொகையைப் பற்றியதாகவே அமைகிறது. மாதச் சம்பளக்காரரின் வருமானத்தை அறிவது எளிது. ரொக்கத்தில் தொழில் செய்பவர், உறவினர் பெயரில் மனை வாங்குபவர் ஆகியோரிடம்தான் சிக்கல். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. வேளாண் குடும்பங்களுக்குத் தனிப் படிவமும் தரப்பட்டது. பொய்த் தகவல் அளித்தவர் மீது பொய்ச்சாட்சி நடவடிக்கை எடுக்கவும் வழி உண்டு.