‘காணும்’ என்பதற்கு இரண்டு அர்த்தம்: கேப்டவுன் முஸ்லிம்களின் வரலாற்றிலிருந்து

‘அல்லாஹ் தந்தது காணும்’ என்று எங்கட பெரியவர்கள் சொல்லுவார்கள். கனாஅத் என்னும் பண்பை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதே சொல் வேறொரு விதமாகவும் எங்கள் வாயில் வரும்: ‘அவங்களுக்கு நடக்கிறது நமக்கு நடக்கல்லதானே, அது காணும்.’ முதலாவது மனநிறைவு. இரண்டாவது, பிறர் நமக்கு ஒதுக்கித் தந்த படியிலே சத்தமில்லாமல் நின்றுகொள்வது. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் முஸ்லிம்களைப் பற்றி வாசிக்க வாசிக்க, இவ்விரண்டையும் பிரித்தறிய அவர்களுடைய வரலாறு உதவும் என்றே எனக்குப் படுகிறது.

அந்த வரலாறு எங்கட நாட்டுக்கும் அந்நியமானதல்ல. மக்காஸார் ஷெய்கு யூஸுபை ஒல்லாந்தர் 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தினர். ஹஜ் பயணிகள் வழியாக அவரது செல்வாக்கு இங்கிருந்தும் பரவுவதைக் கண்டு, 1694இல் 49 பேருடன் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினர். 1699இல் அங்கேயே வபாத்தானார். அவரைப் போன்ற அரசியல் கைதிகளோடு, இலங்கை, இந்தியா, இந்தோனேசியத் தீவுகள், மடகஸ்கார், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளும் கொண்டுபோகப்பட்டனர். அடிமையின் சொந்தப் பெயர் பெரும்பாலும் பதிவேட்டில் ஏறாது. செப்டெம்பர், பெப்ரவரி என்று மாதப் பெயரோ, கிரேக்கக் கதைகளில் வரும் பெயரோ, எஜமான் வைத்ததுதான் பெயர். அதன் பின்னால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதப் பெயர்கள் கேப்டவுனில் இன்றும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன.

அப்படிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ‘இலங்கையின் கொரிடோன்’. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். 1794இல் டோர்ப் வீதியில் ஒரு வளவு அவருக்குச் சொந்தமாயிற்று. இஸ்லாத்தைப் பகிரங்கமாக அனுஷ்டிக்க ஒல்லாந்தரின் சட்டம் இடம் கொடாத காலம் அது. மதச் சுதந்திரம் 1804இல்தான் அறிவிக்கப்பட்டது. தென்னாபிரிக்காவின் முதற் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் கொரிடோன் குடும்பத்தின் அந்த வளவிலேயே அமைந்தது. அதன் முதல் இமாம் துவான் குரு, திதோர் தீவின் அரச குடும்பத்தவர். ரொபன் தீவில் சிறை வைக்கப்பட்டவர். குர்ஆனை நினைவிலிருந்தே எழுதியவர். அவருடைய மத்ரஸாவில் அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் ஒன்றாக ஓதினார்கள். சந்தையிலே விலை சொல்லப்பட்ட பிள்ளைக்கு, தான் யார் என்பதைச் சொல்லிக்கொடுத்த இடம் அது.

மொழியிலும் இதைக் காணலாம். ‘குசினிப் பாஷை’ என்று இகழப்பட்ட ஆபிரிகான்ஸ் மொழியை, கேப் முஸ்லிம்கள் அறபு எழுத்தில் எழுதி மார்க்கம் படித்தார்கள். உஸ்மானிய சுல்தான் அனுப்பிய அபூபக்கர் எபெண்டி அவ்வாறு எழுதிய ‘பயானுத்தீன்’ 1877இல் இஸ்தான்பூலில் அச்சானது. அறபுத் தமிழ் கண்ட எங்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் அதே மொழியைத் தம் இனத்தின் சின்னமாகக் கொண்டாடியவர்கள் நிறவெறி ஆட்சியாளர்கள்.

அவர்களுடைய 1950ஆம் ஆண்டுச் சட்டங்கள் மனிதரை நிறவாரியாகப் பதிந்தன. குடியிருக்கும் பகுதிகளையும் பிரித்தன. முஸ்லிம்களிற் பலர் ‘கேப் மலாய்’ எனப் பதியப்பட்டனர். வெள்ளையருக்குக் கீழே, கறுப்பு ஆபிரிக்கருக்குச் சற்று மேலே. போ காப் பகுதி மலாயருக்கென ஒதுக்கப்பட்டதால் அங்கிருந்தோர் தப்பினர். 1966இல் ‘வெள்ளையர் பகுதி’யாகப் பிரகடனமான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்ட வெளியில் பள்ளிவாசல்கள் தனித்து நின்றன. கறுப்பரைப் போல நடமாட்டப் பாஸ் சுமக்கத் தேவையில்லை, தொழுகைக்கும் தடையில்லை. ஆகவே ‘இது காணும்’ என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. பாரபட்சத்தின் கெட்டித்தனம் இதிலேதான் இருக்கிறது. மிதிபடுகிறவனுக்கும், தனக்குக் கீழே ஒருத்தனைக் காட்டி ஆறுதல் கொடுத்துவிடும்.

அந்த ஆறுதலை ஏற்க மறுத்தவர் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன். 1955இல் கிளெயர்மொன்ட் ஸ்டெக்மன் வீதிப் பள்ளிவாசலின் இமாமானார். பிழைப்புக்கு இனிப்புக் கம்பெனியொன்றின் விற்பனைப் பிரதிநிதி வேலை. அந்த வேலையைச் சாட்டாக வைத்தே லங்கா, குகுலெத்து, நியங்கா போன்ற கறுப்பர் குடியிருப்புகளுக்குள் போய்வந்தார். அங்குள்ளவர்களோடு சகோதரராகப் பழகினார். 1969 மே 28இல் பொலிஸ் அவரைக் கைதுசெய்தது. 123ஆம் நாள், செப்டெம்பர் 27இல், தடுப்புக்காவலிலேயே உயிரிழந்தார். படியில் விழுந்தார் என்றது பொலிஸ். அது பொய், சித்திரவதையால்தான் இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 ஆகிவிட்டது. ஜனாஸாவிலே பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஆனால் அவர் உயிரோடு அடைபட்டிருந்த நாட்களில் சொந்தச் சமூகத்தின் மேல்மட்டம் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தது.

இமாம் ஹாரூனிடம் கனாஅத் இல்லாமலில்லை. தன் றிஸ்க்கைப் பற்றி ‘காணும்’ என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது; அடுத்தவனின் அவமானத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாடு எங்களுக்கும் தேவைப்படுகிறது. நாங்கள் வம்ச வரலாறு எழுதும்போது அறபு வணிகரையும் வலிமாரையும் தேடித்தேடிச் சேர்க்கிறோம். ‘காப்பிலி’ என்ற சொல்லைக் கூசாமல் பாவிக்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் ஆபிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், முதற் பள்ளிவாசலின் கதையில், இலங்கையின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பவர் ஓர் அடிமை. எங்கள் வரலாற்றில் அவருக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும்.