ஒரு பொய்ச் செய்தியும் 32 வருடங்களும்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் பெற்றோரிடம் இருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு தூர ஓட்டம்? விழுந்துட்டா?" இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1928இல் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக மெய்வல்லுநர் போட்டிகளில் சேர்க்கப்பட்டார்கள். அதில் நீண்ட ஓட்டம் 800 மீற்றர். ஜப்பானில் இருந்து வந்த ஒரே வீராங்கனை கினுவே ஹிதோமி. வயது 21. உடற்பயிற்சி ஆசிரியைக்கான பயிற்சி பெற்று, பின்னர் ஒசாக்காவில் பத்திரிகையில் வேலை செய்தவர். பெண் பிள்ளைக்கு இது அழகா என்ற ஏச்சையெல்லாம் ஊரில் கேட்டுவிட்டுத்தான் ஓடினார்.

நம்பியிருந்த 100 மீற்றரில் அரையிறுதியோடு தோற்றுப்போனார். வெறுங்கையோடு நாடு திரும்ப மனம் வரவில்லை. அதுவரை போட்டியில் ஓடியிராத 800 மீற்றரில் இறங்கினார்.

ஓகஸ்ட் 2இல் இறுதிப் போட்டி. ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். ஹிதோமி 2 நிமிடம் 17.6 செக்கனில் இரண்டாமிடம். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான்.

ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்த பிறகு சிலர் களைத்து விழுந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பதினொரு பேர் ஓடியதாகவும் ஐந்து பேர் இடையிலேயே நின்றுவிட்டதாகவும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார். வேறு பத்திரிகைகளும் பெண்ணின் உடம்புக்கு இது ஆகாது என்று எழுதின. ஆண்களும் ஓடி முடித்துக் களைத்து விழுவதுண்டு. அதற்காக யாரும் அவர்களுடைய ஓட்டத்தை நிறுத்தவில்லை.

பெண்களின் 800 மீற்றர் ஒலிம்பிக்கில் இருந்து நீக்கப்பட்டது. திரும்ப வந்தது 1960இல், ரோமில். இடைப்பட்ட 32 வருடங்களும் பெண்களுக்கு 200 மீற்றரைத் தாண்டிய தனி ஓட்டம் ஒலிம்பிக்கில் இல்லை. எத்தனை பிள்ளைகளின் திறமை வெளியே தெரியாமலே போயிருக்கும்!

ஹிதோமி அதைக் காண இருக்கவில்லை. 1931 ஓகஸ்ட் 2இல், அந்த ஓட்டத்துக்குச் சரியாக மூன்று வருடம் கழித்து, நிமோனியாவால் காலமானார். வயது 24. அவருக்குப் பிறகு மெய்வல்லுநர் போட்டியில் ஒரு ஜப்பானியப் பெண் ஒலிம்பிக் பதக்கம் எடுத்தது 1992இல். மரதனில் வெள்ளி வென்ற யூகோ அரிமோரி. இவரும் ஹிதோமி பிறந்த ஒக்கயாமாவைச் சேர்ந்தவர்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருகிறது. விசாரிக்காத ஒரு செய்தியால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கே கதவு மூடப்பட்டது.

அன்பான பெற்றோரே, பிள்ளையின் உடையைப் பற்றியோ, பயிற்சி நேரத்தைப் பற்றியோ, இடத்தைப் பற்றியோ கவலை இருந்தால் வந்து பேசுங்கள். ஒழுங்கு செய்யலாம். ஆனால் "அவளால ஏலாது" என்று மட்டும் ஓட முன்னமே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.