இரண்டாவது அம்பு

  

'மனிதனின் துன்பத்துக்குப் பெரிதும் காரணம் சூழ்நிலையா, மனமா?' என்பது தலைப்பு. மனமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார்கள். "பேராசிரியர் ஐயா, பசியோட இருக்கிறவன்கிட்ட போய், 'தம்பி, ஆசைதான் உன் துன்பத்துக்குக் காரணம்'னு சொல்வீங்களா?" என்று கேட்டார்கள். எல்லாரும் கை தட்டினீர்கள். நியாயமான கேள்வி, நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) அந்த வாசகத்துக்குச் சொந்தக்காரர் என்று நாம் நினைக்கிற புத்தரையே சாட்சிக்குக் கூப்பிட்டுப் பதில் சொல்கிறேன்.

சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறிய பிறகு என்ன செய்தார்? ஆறு ஆண்டுகள் உடம்பை வருத்தித் தவம் செய்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு வற்றிப்போனார். ஞானம் வந்ததா? வரவில்லை. பட்டினி கிடக்கிற உடம்பில் தெளிவு பிறக்காது என்று கண்டார். உணவு உண்ணத் தொடங்கினார். சுசாதை என்ற பெண் கொடுத்த பாற்சோற்றை உண்ட பிறகுதான் போதிமரத்தடியில் அமர்ந்தார். கூட இருந்த ஐந்து துறவிகளும், "இவர் சாப்பாட்டுக்கு மயங்கிவிட்டார்" என்று அவரை விட்டுப் போய்விட்டார்கள். ஞானம் பெற்றதும் காசிக்குப் பக்கத்தில், இன்று சாரநாத் என்கிறோமே, அந்த மான்பூங்காவுக்கு அந்த ஐந்து பேரையும் தேடிப் போனார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முதல் உரையில் சொன்னவைதான் நான்கு உண்மைகள்.

ஒரு நல்ல வைத்தியரை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் இருக்கிறது என்பார், அதன் காரணத்தைச் சொல்வார், குணமாகும் என்பார், மருந்து எழுதித் தருவார். புத்தரும் அப்படித்தான். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்க வழி உண்டு. நாம் என்ன செய்தோம்? முதல் இரண்டைக் காதில் வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்! (கைதட்டல்) அந்தச் சீட்டில் எட்டு மருந்து இருக்கிறது: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. எல்லாம் குடும்பத்தில் இருக்கிறவனும் பழகத் தொடங்கலாம்.

காரணம் என்று அவர் சொன்ன சொல் பாலி மொழியில் 'தண்ஹா'. நேர்ப்பொருள் தாகம். மணிமேகலை பாடிய சாத்தனார் அதற்கு 'வேட்கை' என்ற சொல்லைப் போட்டார். நீர்வேட்கை என்கிறோம் அல்லவா, அந்த வேட்கை. பசித்தவன் சோறு கேட்பது உடம்பின் தேவை. எவ்வளவு கிடைத்தாலும் 'இன்னும் இன்னும்' என்பதும், 'என்னுடையது என்னை விட்டுப் போகவே கூடாது' என்பதும்தான் வேட்கை.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். தம்மபத உரையில் ஒரு கதை. ஆளவி என்ற ஊருக்குப் புத்தர் வருகிறார். ஊரே கூடியிருக்கிறது. அவர் பேசவில்லை. ஓர் ஏழை உழவனுக்காகக் காத்திருக்கிறார். அவனுடைய மாடு காணாமல் போய்விட்டது. காலையிலிருந்து தேடி, பிடித்துக் கட்டிவிட்டு, வயிறு ஒட்டி வந்து நிற்கிறான். புத்தர் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "மீதிச் சோறு இருக்கிறதா? இவனுக்குப் போடுங்கள்" என்றார். அவன் உண்ட பிறகுதான் நான்கு உண்மைகள்! பசித்தவனுக்குப் போதனை ஏறாது என்று சீடர்களுக்கு விளக்கமும் சொன்னார்.

நம் மணிமேகலையும் அந்த வழிதான். 1898-இல் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்த அந்தக் காப்பியத்தை வரிசையாகப் படியுங்கள். அமுதசுரபி ஏந்திப் புகாரில் பசித்தவர்க்கெல்லாம் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்குத் துன்பத்தின் பன்னிரண்டு கண்ணிச் சங்கிலியை விளக்கி, அவள் நோன்பு ஏற்பதோ கடைசி, முப்பதாவது காதையில்! அதனால் அம்மையாரே, பசித்தவனிடம் ஆசையைப் பற்றிப் பேச மாட்டேன். பேசினால் புத்தரே என்னைக் கோபித்துக்கொள்வார். (கைதட்டல்)

"அப்படியானால் சூழ்நிலைதானே?" என்று எதிரணி சிரிக்கிறது. பொறுங்கள். புத்தர் இன்னொன்றும் சொன்னார். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. அந்த வலி ஞானிக்கும் உண்டு. ஆனால் சாதாரண மனிதன் மேல் உடனே இரண்டாவது அம்பும் பாய்கிறது. புலம்பலும் வெறுப்புமாக, அது மனத்தில் பாய்கிற அம்பு.

கல்யாண வீட்டுக்குப் போகிறோம். யாரோ "வாங்க"ன்னு கேட்கலை. அது முதல் அம்பு, ஒரு நிமிஷ வலி. அதுக்காகப் பத்து வருஷம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்காம இருக்கோமே, அந்த அம்பை எய்தது யாரு? (சிரிப்பு) பையனுக்கு மார்க் குறைஞ்சுபோச்சு, அது வலிதான். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்"னு தினம் சொல்லி, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து இன்னொரு அம்பு எய்யறோமே, அது எந்தச் சூழ்நிலை?

பெரிய துயரத்திலும் அதே கணக்குதான். இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தாள் கிசாகோதமி. சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். வீடு வீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவும் எல்லா வீட்டிலும் இருந்தது. குழந்தை திரும்பவில்லை, முதல் அம்பின் காயம் அப்படியே இருந்தது. 'எனக்கு மட்டும் ஏன்?' என்ற அம்பு மட்டும் கழன்றது. அதன் பிறகுதான் அவளால் குழந்தையைக் கீழே இறக்க முடிந்தது.

நடுவர் அவர்களே! முதல் அம்பைச் சூழ்நிலை எய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பசி என்றால் சோறு போடுவோம். நோய் என்றால் மருந்து கொடுப்போம். ஆனால் ஆண்டுக்கணக்காக நம்மை வாட்டுகிற துன்பம் இரண்டாவது அம்பினால் வருவது. அதை எய்யும் வில் நம் கையில் இருக்கிறது. ஆகவே துன்பத்துக்குப் பெரிதும் காரணம் மனமே என்று தீர்ப்புத் தாருங்கள். தீர்ப்பு எதிராக வந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டு இரண்டாவது அம்பை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன். (சிரிப்பு, கைதட்டல்)