யார் கையில் இருந்தது?

போன மாதம் சுபாங் ஜெயாவில் நண்பர் ஒருவர் பழைய ரிவால்வர் ஒன்றை வாங்குவதற்காகப் பார்த்துவிட்டு வந்தார். தொழில் காரணமாக உரிமம் வைத்திருப்பவர். “சுழல்ற பகுதி ஆடுதா, குழலுக்குள்ள துரு இருக்கா, நம்பரும் தாளும் ஒத்துப்போகுதான்னு பார்த்தேன். எல்லாம் சரிதான். ஆனா முன்னாடி யார் கையில இருந்துச்சோ, அதான் யோசனையா இருக்கு” என்றார். கடைசியில் அவர் வாங்கவில்லை.

எனக்கு எஸ்.ஏ. கணபதி ஞாபகம் வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச் 1 அன்று ராவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு முயன்றும் தண்டனை நிற்கவில்லை. பிடிபட்ட நாளுக்கும் தூக்குக்கும் இடையே 64 நாள்தான்.

வழியில் கிடந்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவர் கம்யூனிஸ்ட் போராளி, துப்பாக்கி அவருடையதுதான் என்கிறது இன்னொரு தரப்பு. தூக்கு விதிக்க இந்தக் கேள்விக்கு முழுப் பதில் தேவைப்படவில்லை. அவர் அதை வைத்து யாரையாவது சுட்டாரா என்பதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும் நெருக்கடிநிலை வந்தது. அதன் விதிகளின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. அதே ஆண்டுகளில் தோட்டத் துரைமார் இடுப்பில் ரிவால்வரோடுதான் நடமாடினார்கள். நானும் நண்பரும் உட்கார்ந்து பேசிய இந்த சுபாங் ஜெயாவும் அன்று சீஃபீல்ட் ரப்பர் தோட்டம்தான்.

இதே வகைக் குற்றச்சாட்டில் இன்னொரு தமிழரும் சிக்கினார். ஜொகூரில் 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவம். தோட்டாக்கள் வைத்திருந்ததாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து அவரை நீதிமன்றம் விடுவித்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணை நடந்தது. இரண்டையும் வைத்திருந்ததாக அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அங்கே முன்வைத்தார்கள். தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைப் புதிய மதிப்பீட்டாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. விடுதலை என்று தீர்ப்பானால் அரசுத் தரப்பும் அதை ஏற்றாக வேண்டும் என்று சொல்லி, 1950இல் தண்டனையை ரத்து செய்தார்கள்.

இருவரில் யார் உண்மையில் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒருவருடைய தாள்களை மறுபடி நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. மற்றவருக்குக் கிடைக்கவில்லை. சாம்பசிவத்தின் பெயர் இன்றும் பல நாடுகளின் சட்டப் புத்தகங்களில் வருகிறது. கணபதியின் பெயரை நம் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்ததில்லை.

புடு சிறை இருந்த இடத்தில் இப்போது பேரங்காடி. பழைய வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நண்பரை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும்.