உறக்கம் வேறு, நோவு தீர்தல் வேறு

தமிழ்நாட்டுச் சமையலில் அரைத்துச் சேர்க்கப்படும் கசகசா, ஒரு செடியின் விதையாகும். அச்செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகின்றது. நெஞ்சைத் திறந்து இதயத்தைச் செப்பனிடும் இன்றைய அறுவை மருத்துவம், அப்பாலிலிருந்து எடுக்கப்பட்ட மருந்தையும், அதனையொத்துச் செயற்கையாக ஆக்கப்பட்ட மருந்துகளையும் பெரிதும் நம்பியிருக்கின்றது. இவற்றுள் சிறந்தது எது? இவ்வினாவிற்கு மருத்துவர்கள் விடை தேடிய வரலாறு, வினாவையே திருத்திக்கொண்ட வரலாறுமாகும்.

ஈதரும் மார்பினும்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஒருவரை ஈதர் ஆவியை நுகரச் செய்து உறங்கவைத்தார். அவர் கழுத்திலிருந்த கட்டிக்கு அறுவை நடந்தது. உறங்குபவர் வலியை உணரார் என்ற நம்பிக்கை அன்றுமுதல் வேரூன்றியது.

அது பாதி உண்மையே. மனம் உறங்கினும் உடல் விழித்திருக்கின்றது. கத்தி பட்டவுடன் நாடி விரைகின்றது; குருதி அழுத்தம் ஏறுகின்றது; உடலின் சுரப்பிகள் பேரிடர் நேர்ந்தாற்போல் தம் நீர்களைக் குருதியில் கலக்கின்றன. இவற்றை அடக்க ஆவி மருந்தையே மேலும் மேலும் கொடுத்தால், இதயம் தளர்ந்துபோகும்.

மாற்று வழிக்கு வேண்டிய பொருள் ஈதருக்கு முன்னரே கிடைத்திருந்தது. ஜெர்மானிய மருந்தாளரான செர்ட்டூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரால் அது மார்பின் எனப்படுகின்றது. 1853ஆம் ஆண்டளவில் ஊசிக்குழல் வந்தது. 1860களில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட், மார்பினை முன்னரே செலுத்தினால் குறைந்த அளவு குளோரோபாரம் போதும் என விலங்குகளில் கண்டார்.

கடமைகளைப் பகிர்தல்

எல்லாப் பணியையும் ஒரே மருந்தின்மேல் சுமத்தலாகாது என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1934இல் நரம்புவழிச் செலுத்தும் தயோபென்டோன் உறக்கத்தைத் தந்தது. 1942இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் கியூராரே தசைகளைத் தளர்த்தப் பயன்பட்டது. நோவைத் தடுக்கும் கடமைக்கு, 1939இல் ஜெர்மனியில் அறிவிக்கப்பட்ட பெத்திடின் 1947இல் இவ்வரிசையில் சேர்ந்தது. மார்பினின் வலிமையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடையது.

இதய அறுவை வளர்ந்தபோது புதிய இடர் தோன்றியது. நலிந்த இதயம் ஆவி மருந்துகளைத் தாங்கவில்லை. 1969இல், மார்ட்டன் ஈதர் அளித்த அதே மருத்துவமனையில், எட்வர்ட் லோவன்ஸ்டைனும் அவர் குழுவினரும் துணிந்து ஒரு முறையைக் கையாண்டனர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.5 முதல் 3 மில்லிகிராம் வரை மார்பினை நரம்புவழிச் செலுத்தினர். வழக்கமான ஊசியில் செல்வது மொத்தம் 10 மில்லிகிராம் அளவே. இம்முறையிலோ 60 கிலோ எடையுள்ளவர்க்கு 180 மில்லிகிராம் வரை செல்லும். மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ள, நலிந்த இதயம் தளராது நின்றது.

ஆயினும் குறைகளும் வெளிப்பட்டன. மார்பின் உடலில் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிப்படுத்திக் குருதி அழுத்தத்தைத் தாழ்த்தியது. சிலர் அறுவையின் நடுவே நடந்தவற்றைப் பின்னர் நினைவுகூர்ந்தனர். நோவைத் தடுக்கும் மருந்தை எவ்வளவு பெருக்கினும், அது உறக்கத்திற்கு உறுதி கூறாது என்பது இதனால் புலனாயிற்று.

வலிமையும் காலமும்

பெல்ஜிய நாட்டு அறிஞர் பால் யான்சென், கொழுப்பில் எளிதிற் கரையும் மருந்து மூளையை விரைந்து எட்டும் என்று கருதினார். 1960இல் அவர் குழுவினர் ஆக்கிய ஃபென்டனில், மார்பினைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு வலிமை உடையது. ஹிஸ்டமினை வெளிப்படுத்தும் குறையும் அதற்கு இல்லை. 1970களின் இறுதியில் இதய அறுவையில் மார்பினின் இடத்தை அது பற்றியது. பின்வந்த சூஃபென்டனில் அதனினும் 5 முதல் 10 மடங்கு வலியது. ஆல்ஃபென்டனில் வலிமை குறைந்தது, ஆனால் மிக விரைந்து செயற்படுவது.

ஆனால் வலிமை மிகுந்தது சிறந்தது ஆகிவிடுமா? வலிமை குறைந்ததை அளவு கூட்டிக் கொடுத்தால் அப்பயன் கிட்டிவிடும். மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பதே ஆராயத்தக்கது. சிறுதூறல் பெய்த நிலம் விரைவில் காய்ந்துவிடும். நாள் முழுதும் பெய்த மழையோ மண்ணில் ஊறி, வானம் வெளுத்த பின்னும் கசிந்துகொண்டே இருக்கும். ஃபென்டனிலும் அத்தகையதே. நெடுநேரம் செலுத்தினால் அது கொழுப்பிலும் தசையிலும் ஊறி, நிறுத்திய பின்னும் குருதிக்குத் திரும்புகின்றது.

1990களின் தொடக்கத்தில் இது கணக்கிடப்பட்டது. 4 மணி நேரம் செலுத்தி நிறுத்தியபின், குருதியில் மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஃபென்டனிலுக்கு ஏறத்தாழ 260 நிமிடம், ஆல்ஃபென்டனிலுக்கு 60 நிமிடம், சூஃபென்டனிலுக்கு 35 நிமிடம் ஆகும். 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெமிஃபென்டனிலுக்கோ 4 நிமிடமே போதும். குருதியிலும் தசையிலும் உள்ள நொதிகளே அதனைச் சிதைத்துவிடுகின்றன. உறக்கத்திற்குப் புரோப்போஃபாலும் நோவிற்கு ரெமிஃபென்டனிலுமாக, ஆவி மருந்தே இன்றி நரம்புவழியாக மட்டும் பேரறுவை செய்தல் இதனால் எளிதாயிற்று.

அந்த நலனே அதன் குறையுமாகும். நிறுத்திய சில நிமிடங்களில் நோய்காப்பும் நீங்குவதால், நோவு முழு வேகத்துடன் எழும். ஆகவே அறுவை முடியுமுன்பே நின்று காக்கும் வேறொரு மருந்தைச் செலுத்துகின்றனர். அவ்விடத்தில், மெதுவானது என ஒதுக்கப்பட்ட பழைய மார்பினே பலமுறை கைகொடுக்கின்றது. மூச்சை அடக்கும் குணமோ இவை அனைத்திற்கும் பொது. அதனை முறிக்க நலாக்சோன் என்னும் மருந்து உண்டெனினும், அது நோய்காப்பையும் உடன் நீக்கிவிடும்.

பேசாத நோயாளிகள்

இவ்வொப்பீடு நூலறிவோடு நிற்பதன்று. பச்சிளங்குழந்தைகள் நோவை முழுதும் உணரார் என்றும், வலிய மருந்துகள் அவர்கட்குத் தீங்கு என்றும் மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணினர். குறைமாதக் குழந்தைகட்கு நைட்ரஸ் ஆக்சைடும் தசை தளர்த்தும் மருந்தும் மட்டும் கொடுத்து அறுவை செய்ததும் உண்டு. அசைய இயலாத குழந்தை அழவும் இயலாது.

1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்த் என்னும் இந்திய மருத்துவரும் அவர்தம் துணைவர்களும், இதயத்தையடுத்த குழாய் ஒன்றைக் கட்டும் அறுவைக்குரிய குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவிற்கு மட்டும் ஃபென்டனிலைச் சேர்த்தனர். அது பெறாத குழந்தைகளின் குருதியில் இடர்காலச் சுரப்பு நீர்கள் மிகுந்து எழுந்தன. அறுவைக்குப் பின் அவர்கட்கே தொல்லைகளும் மிகுதியாயின. வாய் சொல்லாததைக் குருதி சொல்லிற்று. அதன்பின் குழந்தை மருத்துவத்தில் இவ்வழக்கம் மாறத் தொடங்கிற்று.

எந்த மருந்து வலியது என்று தொடங்கிய வினா, எந்த நோயாளிக்கு, எத்துணை நேரத்திற்கு, விழித்தபின் யாது காவல் என்பதாக முதிர்ந்துள்ளது. அசைவின்றிக் கிடப்பவர் நோவின்றிக் கிடக்கின்றார் என்று கொள்ளலாகாது. இதனை மருத்துவம் கற்றுக்கொள்ள, ஈதர் வந்த நாளிலிருந்து 140 ஆண்டுகள் ஆயின.