கதியாலும் நடுவரும்

எம் மாணவர்கள் இன்று கணினித் திரையிலே ஊர் கட்டுகின்றனர். 2011 ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து முழு வடிவில் வெளிவந்த மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுக்களில், பலர் ஒரே நிலப்பரப்பிற் கூடிக் கட்டிமேற் கட்டி அடுக்கி வீடும் கோட்டையும் எழுப்புகின்றனர். பல நாள் உழைப்பில் எழுந்ததை ஒருவன் ஓரிரவில் இடித்துவிட்டுப் போகின்றான். நடுவராயிருப்பவர் யாரோ ஒருவனை விலக்குகின்றார். விலக்கப்பட்டவன் 'நான் செய்யவில்லை' என்கின்றான், கேட்பாரில்லை. இது பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பலர் கூடிக் கட்டும் இடத்தில் அழித்தவனை யார் விசாரிப்பது, எவ்வாறு விசாரிப்பது என்பது எமது குடாநாட்டின் வரலாற்றில் ஆழ வேரோடிய வினாவாகும்.

யாழ்ப்பாணத்தில் காணிக்குக் காணி வேலி உண்டு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை ஊன்றிக் கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது வழக்கம். வேலியைப் புதுப்பிக்கையில் கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டால், அயலவனின் நிலம் ஒரு சாண் குறைந்துவிடும். அதனால் மூண்ட பகையும், இரவோடிரவாக அறுத்தெறியப்பட்ட வேலியும் எமது ஊர்கள் நன்கறிந்தவை. இவற்றை விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் கூடினர். ஆனால் அப்பெரியவர்கள் யாவர்? பெரும்பாலும் காணியுடையோரே. கதியாலைத் தள்ளி நட்டவன் அவர்களுக்கு உறவினனாயின் நீதி எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விதியை எழுதியவர் யார் என்ற கேள்வியும் இதனோடு பிணைந்ததே. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் குடாநாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டில் முடித்தார். அத்தொகுப்பே தேசவழமை. அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமாரிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். வழக்கத்தை அறிந்தோரிடம் கேட்டு எழுதியது நற்செயலே. எனினும், அந்நூலில் அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. அவ்வடிமைகளுள் ஒருவரேனும் அப்பன்னிருவருள் இருந்திலர். 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், தம்மைக் கட்டுப்படுத்தும் விதியில் தமக்குக் குரலில்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது.

அதன் விளைவையும் கண்டோம். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டுமென்ற விதி வந்தபோது, 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சில பள்ளிகள் தீயிடப்பட்டன. அழித்தோர் ஊருக்குப் புறம்பான கயவரல்லர்; ஊரில் மதிப்பும் பிடிப்பும் உள்ளோரின் ஆதரவு அவர்களுக்கிருந்தது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 95,000 க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. ஒழுங்கைக் காக்க அனுப்பப்பட்ட பொலிசாரே அழிவில் ஈடுபட்டனர் எனக் கண்டோர் கூறினர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நடுவனிடத்தில் இருக்கவேண்டியவனே அழிப்பவனாகும்போது, முறையிடுவதற்கு வேறோர் இடம் இல்லையெனில் விதி வெறும் எழுத்தே.

மாற்றுவழி காணும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 1958 இல் இணக்க சபைகள் சட்டமாயின. பின்னர் அவை கைவிடப்பட்டன. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவிற்று. குடாநாட்டிலும் அவை இன்று இயங்குகின்றன. வழக்காடும் இருதரப்பாரும் மத்தியஸ்தரைத் தெரிவதிற் பங்குகொள்கின்றனர். சட்டத்தரணிகள் அங்கே தோன்றுவதில்லை. இருவரும் உடன்பட்டாலன்றித் தீர்வில்லை. உடன்படாவிடில் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கும். வலியவனும் மெலியவனும் எதிரெதிரே அமரும்போது உடன்பாடென்பது சில வேளை மெலியவனின் பணிவாகிவிடும் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், பெரியவர் சொல்லே முடிவென்றிருந்த நிலையிலிருந்து இது ஒரு முன்னேற்றமே.

இவ்வரலாற்றைத் திரையிலே ஊர் கட்டும் மாணவர்கள் முன் வைக்கின்றோம். இன்று பல சேவையகங்களில் எக்கட்டியை எவர் எப்போது பெயர்த்தார் என்ற பதிவு உண்டு. இடிந்ததை மீட்கவும் முடியும். கதியாலுக்கு இல்லாத வாய்ப்பு அது. எனவே முதலிற் பதிவைப் பாருங்கள். அடுத்து, குற்றஞ்சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளுங்கள். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைகூட, பிறர் பொருளைச் சேதமாக்கிய குற்றத்தில் நோக்கத்தையும் அறிவையும் கேட்கின்றது. அறியாது இடித்த புதியவனும் வேண்டுமென்றே இடித்தவனும் ஒருவரல்லர். தண்டிக்குமுன் அழிந்ததைக் கட்டிக்கொடுக்கச் செய்யுங்கள். விலக்கப்பட்டவன் முறையிட, விலக்கியவரல்லாத வேறொருவர் இருக்கட்டும். நடுவரின் நண்பனுக்கும் அதே விதி செல்லட்டும்.

அனைத்திற்கும் மேலாக, அவ்விதியை அங்கே கட்டுவோர் அனைவரும் கூடி எழுதட்டும். பன்னிருவர் ஒப்பி மற்றெல்லோரும் அடங்கிய காலத்தின் பயனை இக்குடாநாடு அனுபவித்துவிட்டது. அதனை எம் பிள்ளைகள் தாம் கட்டும் புதிய ஊரிலும் அனுபவிக்க வேண்டியதில்லை.